திறந்து பார்க்காமல் நம்பாதவ

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெள்ளவத்தைக்கு வந்தபோது கையில் இருந்தது ஒரு சீலைப் பை. இன்னொருவரின் கடை வாசலில் மேசை போட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். அந்த மேசையைத் தொலைபேசி நிலையமாக்கினேன். கனடாவுக்கும் லண்டனுக்கும் கதைக்க வந்த தாய்மாரின் வரிசை காலி வீதி வரைக்கும் நின்றது. கைபேசி வந்து அந்தத் தொழில் படுத்தபோது போட்டோக்கொப்பி மெசின் வாங்கினேன். அதிலிருந்து அச்சுக்கூடம். இரண்டு தரம் கட்டிடச் சொந்தக்காரர் கடையை விட்டு எழுப்பினார். இரண்டு தரமும் அதே ஒழுங்கையில், முந்தினதைவிடப் பெரிய கடை எடுத்துக் காட்டினேன். பிறகு இந்த ஒழுங்கையில் ஒருவரும் நினைத்துப் பார்க்காத ஒன்றைச் செய்தேன். எங்கட சனத்தின் மரண அறிவித்தல்களுக்கு ஒரு இணையத்தளம். கொழும்பில் ஒருவர் காலை ஆறு மணிக்குக் கண்மூடினால், ரொறன்ரோவில் இருக்கிற, தமையன் பெற்ற பெறாமகன் படுக்கப் போகமுதல் படத்தோடு பார்ப்பான். கொம்பியூட்டர் படித்த பட்டதாரிகள் "உங்களுக்கு ஏன் அங்கிள் இந்த வேலை" என்று கேட்டவர்கள். அவர்களில் பாதிப்பேர் தங்கட தாய் தகப்பனின் அறிவித்தலை என்னிடம்தான் போட்டார்கள்.

இதையெல்லாம் தளத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி என் மகன் கேட்டான். இப்போது தளத்தை நடத்துகிறவன் அவன். எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கம் தாண்டவில்லை, ஒரு ஆள் வந்து குறுக்கே நிற்கிறா. அவவை எழுதாமல் மிச்சத்தை எழுத எனக்குக் கை வரவில்லை.

அவவின் பேரைப் போடமாட்டேன். தன்னுடைய பேர் தளத்தில் எங்கேயும் வரக்கூடாது என்று முதல் நாளே சொன்னவ. கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ்ஸில் வருவா. அப்போது நாற்பது வயதிருக்கும். நான் "பிள்ளை" என்பேன், அவ "ஐயா" என்பா. மற்றவர்கள் "மிஸ்" என்பார்கள். ஒரு கறுப்புப் பை, ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு குடை. குடையைக் கதவில் கொழுவிவிட்டு ஒருக்கா இழுத்துப் பார்ப்பா, விழாதா என்று. இந்த ஒரு பழக்கத்தில் முழு ஆளும் இருந்தா என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

அவ வந்ததே ஒரு பிழையால்தான். தளத்தைச் செய்து தந்த பெடியன் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டான். அவன் போய் இரண்டாம் மாதம் ஒரு அறிவித்தல் பாதியில் நின்றது. "அன்னாரின் இறுதிக்கிரியைகள் நாளை" என்று வந்து அதோடு சரி. எத்தனை மணிக்கு, பூதவுடல் எந்த மலர்ச்சாலையில், எந்த மயானம், ஒன்றும் இல்லை. காலையில் இருந்து போன். சனம் என்னை ஏசுகிறது. ஆர் ஆரையோ கேட்டு, அச்சுக்கூடத்துக்குக் கடதாசி தருகிறவர் இவவை அனுப்பினார்.

வந்து இருந்தவ தேத்தண்ணியைத் தொடவில்லை. கேள்விதான் கேட்டா.

"கடைசியா எப்ப முழுசா எழுதிச்சு, ஐயா?"

"நேற்றுப் பின்னேரம் வரைக்கும் நல்லா இருந்தது."

"அதுக்குப் பிறகு என்ன மாத்தினீங்க?"

"ஒண்டும் மாத்தேல்ல."

"எல்லாரும் அதுதான் சொல்றாங்க," என்றா. கோபமாக இல்லை. ஒரு டொக்டர் காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்பது மாதிரி. பிறகு ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்தா. எந்த இடத்தில் எழுதச் சொல்லியிருக்கிறது, அந்த இடம் உண்மையாக இருக்கிறதா, அதற்குள் எழுத அனுமதி யாருக்கு, இடம் மிச்சம் இருக்கிறதா, வேறு ஒன்று அதே கோப்பைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறதா. இந்த வரிசையை ஒருநாளும் மாற்றமாட்டா. முதலாவதிலேயே பிழை தெரிந்தாலும் மற்ற நான்கையும் பார்த்துவிட்டுத்தான் எழும்புவா.

அன்றைக்குப் பிழை, இடம் முடிந்தது. ஒரே ஆளின் படத்தை மகன் ஒருக்கா, மருமகள் ஒருக்கா, லண்டன் மச்சான் நாலு தரம் என்று ஏற்றி ஏற்றி சேர்வர் நிரம்பிவிட்டது. அறிவித்தலைத் தளத்தில் எழுதுகிற புரோகிராம், ஸ்கிரிப்ட் என்பார்கள், இடம் இல்லாமல் நடுவில் நின்றிருக்கிறது. அவ குப்பையை அகற்றினா. அதோடு போகவில்லை. புதிதாக எழுதுவதை முதலில் வேறு பேரில் தனியாக எழுதி, முழுவதும் எழுதி முடிந்த பிறகு மட்டும் பழையதன் இடத்துக்கு மாற்றும்படி செய்தா.

"பாதி எழுதினத யாருக்கும் காட்டக்கூடாது ஐயா. ஒண்ணு முழுசு, இல்லாட்டி பழசு."

எல்லாம் முடிந்து திரையில் அறிவித்தல் வந்தது. நான் எழும்பினேன். அவ எழும்பவில்லை. தன்னுடைய போனில் திறந்து பார்த்தா. பக்கத்துக் கடையில் போன் திருத்துகிற சிங்களப் பெடியனிடம் போய், "மல்லி, மேக்க பொட்டக் பலன்னகோ", தம்பி, இதை ஒருக்காப் பார் என்று, அவனுடைய போனிலும் திறக்கச் சொல்லிப் பார்த்தா. தன் கண்ணால், இன்னொரு ஆளின் போனில், கடைசி வரி வரைக்கும் கண்டபிறகுதான் அந்த ஆறின தேத்தண்ணியைக் குடித்தா. நான் அன்றைக்கே வேலைக்கு எடுத்தேன்.

போன் கடைக்காரனுக்கு இது நல்ல பகிடி. தமிழும் கொஞ்சம் கதைப்பான். "முதலாளி, உங்கட மிஸ் செத்த ஆளையும் ஒருக்கா தட்டிப் பாத்துத்தான் போடுவா." அவவுக்குக் கேட்டது. "தட்டிப் பாக்கிறது நல்லதுதான் மல்லி," என்றா, சிரிக்காமல்.

எங்கட அறிவித்தல்களைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேணும். செத்தவரின் பேரைவிட அதற்குக் கீழே வருகிற பேர்கள்தான் முக்கியம். காலஞ்சென்ற இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் மாமனாரும், பாட்டனும், மைத்துனரும் என்று ஒரு குடும்பம் முழுவதையும் அந்த வரிகளில் நிறுத்தவேணும். ஒரு மருமகனின் பேர் விடுபட்டால் அந்த வீட்டில் பத்து வருசம் கதைபேச்சு இல்லை. அதனால் ஒரு அறிவித்தலைப் போட்டபிறகு ஏழெட்டுத் தரம் திருத்துவார்கள். சிலவேளை வேண்டுமென்றே ஒரு பேரை விடுவதும் உண்டு. அது செத்தவரின் மிச்சக் கோபம். வாசிக்கிற எல்லாருக்கும் விளங்கும்.

அவவுக்கு அது முதல் மாதமே விளங்கிவிட்டது. "இது நியூஸ் இல்ல ஐயா, இது குடும்பப் பதிவு," என்றா. ஒவ்வொரு திருத்தத்தின் பிறகும் பேர்களை ஒன்று, இரண்டு என்று விரலால் எண்ணுவா. எனக்கு எரிச்சல் வரும்.

"பதிவாகியது எண்டு காட்டுதுதானே பிள்ளை. பிறகென்ன?"

"அது ஸ்கிரிப்ட் சொல்ற கதை. கோப்பு என்ன சொல்லுதுன்னு பாக்கணும்."

ஒருநாள் மட்டும், நான் கேளாமலே ஒன்று சொன்னா. அவவின் தாய் வழி இந்தியாவில் இருந்து வந்த குடும்பம். குடியுரிமைக்கு எழுதக் கொடுக்கத் தாய் ஒரு கந்தோருக்குப் போயிருக்கிறா. மேசையில் இருந்தவர் "பதிஞ்சாச்சு, போ" என்றாராம். தாய் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டா. "பதியல ஐயா. பதினொரு வருசம் கழிச்சுத்தான் தெரிஞ்சிச்சு." அவ்வளவுதான். அவ ஒருக்காக் கலியாணம் கட்டி நிலைக்கவில்லை என்றும், இந்தச் சந்தேகக் குணத்தால்தான் என்றும் ஆக்கள் கதைத்தார்கள். நான் பார்க்கவில்லை. அதனால் அதை உண்மை என்று எழுதவில்லை. இந்த அளவுக்காவது அவவிடம் பழகியிருக்கிறேன்.

சேர்வர் வைத்திருந்த கம்பனி ஒருக்கா மெசினை மாற்றியது. மாற்றின அன்றைக்கு ஒன்றும் எழுதுப்படவில்லை. நான் கம்பனிக்குப் போன் எடுத்தேன். அங்கே ஒரு தம்பி, "சிம்பிள் அங்கிள், எல்லாப் போல்டருக்கும் ஏழு ஏழு ஏழு போடுங்கோ, ஆரும் எழுதலாம், பிரச்சினை முடிஞ்சுது," என்றான். எனக்கு அந்தக் கதை பிடித்தது. அவவிடம் போட்டுவிடச் சொன்னேன்.

"போட்டா எழுதும்தான்," என்றா. "ஐயா, நீங்க இருக்கிற பிளாட்ஸில வாசல்ல வாச்சர் இருக்கிறாருல்ல. வேலைக்கு வாற அம்மாவை உங்க வீட்டுக்கு மட்டும் விடுவாரு. நீங்க வாச்சரை வீட்டுக்கு அனுப்பிட்டு, பத்து மாடியிலயும் கதவைத் திறந்து வச்சா அந்த அம்மா சுகமா உள்ள வருவாங்க. உண்மைதான். வேற யாரு வந்தாங்கன்னு பிறகு கேக்க ஏலாது."

சேர்வருக்குள் ஸ்கிரிப்ட் என்பது நான் இல்லை, அது வேறு ஒரு ஆள் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கப்படுத்தினா. அந்த ஆளுக்குச் சின்ன அதிகாரம்தான். தனக்குச் சொந்தமான போல்டருக்குள் மட்டும் எழுதும். மெசின் மாறினபோது போல்டர்கள் எல்லாம் பெரிய சொந்தக்காரனின் பேரில் வந்துவிட்டன. அந்தப் பெரிய சொந்தக்காரனை ரூட் என்பார்கள். ரூட்டின் பாஸ்வேர்ட் இரண்டு பேரிடம்தான் இருந்தது, என்னிடமும் அவவிடமும். அவ ரூட்டாக உள்ளே போய், போல்டர்களைத் திரும்ப ஸ்கிரிப்டின் பேருக்கு எழுதிக்கொடுத்தா. நான் பின்னால் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகும் பலதரம் பார்த்திருக்கிறேன். யாராவது பிழையான படம் அனுப்பி, அந்தப் படம் திரும்பத் திரும்ப வந்து தொல்லை தந்தால், அவ அந்த அறிவித்தலின் போல்டரை முழுதாக இறக்கி, படத்தை மாற்றி, பழையதை அழித்து, புதியதை ஏற்றுவா. படம் சரியாக வந்ததும் நான் "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விடுவேன். நான் போனபிறகு அவ இன்னும் ஒரு வரி அடிப்பா. கீபோர்ட் சத்தம் கேட்கும். அது என்ன வரி என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.

ஐந்தாம் வகுப்புப் படித்தவன் இப்படிப் பின்னால் நின்றே ரூட்டாக உள்ளே போகப் பழகினேன் என்று நான் கன பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அது உண்மை. யாரும் பழக்கவில்லை, நானாகப் பிடித்தது.

எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை என்றால் அது சிவப்பு எழுத்தைப் பற்றித்தான். ஸ்கிரிப்ட் எழுத முடியாமல் போனால் திரையில் சிவப்பில் ஒரு வசனம் வரும்: "உங்கள் திருத்தம் சேமிக்கப்படவில்லை. தயவுசெய்து எங்களை அழையுங்கள்." அவ வைத்த வசனம். ஒருநாள் ஒரு மனிசன், தாயைப் பறிகொடுத்தவர், கடைக்கே வந்து கத்தினார். அழுதுகொண்டிருக்கிற நேரத்தில் சிவப்பு எழுத்தா காட்டுகிறீர்கள் என்று. எனக்கு அவர் சொன்னது சரியாகப் பட்டது. செத்தவீட்டுக்கு நாங்கள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவதில்லை. வசனங்கள் எல்லாம் தனி ஒரு கோப்பில் இருந்தன. நானே உள்ளே போய், அந்தச் சிவப்பு வசனத்தை எடுத்துவிட்டு, நல்லபடி எழுதுப்பட்டால் வருகிற வசனத்தையே அங்கேயும் போட்டேன்: "உங்கள் திருத்தம் பதிவாகியது. நன்றி." எழுதுப்பட்டாலும் அதுதான், எழுதுப்படாவிட்டாலும் அதுதான்.

அடுத்தநாள் காலையிலேயே கண்டுபிடித்துவிட்டா.

"ஐயா, நீங்க அதைப் பொய் சொல்லப் பழக்குறீங்க."

"பிழை வந்தா நீர்தானே பாக்கிறீர் பிள்ளை. சனத்துக்கு ஏன் காட்டவேணும்?"

"அவங்க பேரு அது. அவங்களுக்குத்தான் முதல்ல தெரியணும்."

பழையபடி சிவப்பைப் போட்டா. ஒரு மாதம் பொறுத்து நான் திரும்ப எடுத்தேன். அவ திரும்பப் போட்டா. இந்தக் கயிறிழுப்பில் நான் முதலாளி என்பதை அவ ஒருதரமும் மதிக்கவில்லை. எனக்கு அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

பிறகு அவவின் தாய் சுகமில்லாமல் பெரியாஸ்பத்திரியில் கிடந்தா. அவ நாலு நாள் லீவு கேட்டா. போகும்போது வாசலில் நின்று, "நான் வாற வரைக்கும் உள்ளுக்குப் போகாதீங்க ஐயா. ஏதும்னா போன் பண்ணுங்க, நான் ஆஸ்பத்திரியில இருந்தே பாக்கிறேன்," என்றா. என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னா. நான் சிறுபிள்ளை இல்லை என்றேன். திருப்பிச் சொல்லவில்லை.

அவ போன அன்றைக்கே நான் சிவப்பு வசனத்தை எடுத்தேன். செய்கிறதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. அவ இல்லை, அதுதான்.

இரண்டாம் நாள் வெள்ளவத்தையில் ஒரு பெரியவர் காலமானார். ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர், மரியாதையான குடும்பம். மூத்தவர் கனடாவில், அடுத்தவர் லண்டனில். அறிவித்தலைக் கனடா மகன் எழுதி அனுப்பினார். ஒரு மகளும் இருக்கிறா. இரத்மலானையில் ஒரு சிங்களவரைக் கலியாணம் கட்டிப் போனவ. தகப்பன் அதற்குப் பிறகு அவவோடு கதைக்கவில்லை. அவவின் பேர் அறிவித்தலில் இல்லை. எனக்கு அது புதினமாக இருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை கனடாவில் இருந்து போன் வந்தது, படம் சரியில்லை, வேறு படம் போடுங்கோ என்று. நான் அவவுக்குப் போன் எடுக்கவில்லை. இது எனக்குத் தெரிந்த வேலை. ரூட்டாக உள்ளே போனேன், அந்த அறிவித்தலின் போல்டரை இறக்கினேன், படத்தை மாற்றினேன், பழையதை அழித்தேன், புதியதை ஏற்றினேன். திறந்து பார்த்தேன். புதுப்படம் அழகாக நின்றது. எழும்பி முன்பக்கம் வந்துவிட்டேன். அவ கடைசியில் அடிக்கிற அந்த ஒரு வரியை நான் அடிக்கவில்லை. எனக்கு அது தெரியாதே. ரூட்டாக ஏற்றினால் போல்டர் ரூட்டின் பேரில் போய்விடும். திரும்ப ஸ்கிரிப்டின் பேருக்கு எழுதிக்கொடுக்கிற வரி அது.

பதினொரு மணிபோல அந்த வீட்டு அம்மா வந்தா. புருசன் மலர்ச்சாலையில் கிடக்க, தாலி கழற்றாமல், ஒரு பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆட்டோவில். என்னைவிட நாலைந்து வயது மூப்பு.

"தம்பி, என்ர மகளின்ர பேரைப் போடவேணும்."

"பெரியதம்பி கனடாவில இருந்து ஒண்டும் சொல்லேல்லையே அம்மா."

"அவனைக் கேக்காதேங்கோ. நான் பெத்தனான். அந்த மனிசன் இருக்குமட்டும் நான் வாய் திறக்கேல்ல. இப்ப போடுங்கோ. மருமகன்ர பேரையும் போடுங்கோ. நாளைக்கு அவள் வரவேணும். பேர் இல்லாத வீட்டுக்கு வரமாட்டாள், எனக்குத் தெரியும், தகப்பன்ர குணம் அவளுக்கும்."

நானே இருந்து அடித்தேன். மூத்தவர், அடுத்தவர், அதற்குப் பிறகு மகளின் பேர். மாமனார் வரியில் அந்தச் சிங்களப் பேர். "உங்கள் திருத்தம் பதிவாகியது. நன்றி," என்று திரை சொன்னது. நான் எழுதிவைத்த பொய், எனக்கே சொன்னது. நான் நம்பினேன்.

"போட்டாச்சு அம்மா."

என் இரண்டு கையையும் பிடித்தா. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனிலேயே மகளுக்கு எடுத்து, "பார் பிள்ளை, உன்ர பேர் இருக்கு, உன்ர மனிசன்ர பேரும் இருக்கு, நாளைக்கு வா," என்றா. அம்மா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றா.

மகள் பார்த்திருக்கிறா. பேர் இல்லை. மத்தியானம் பார்த்தா, பின்னேரம் பார்த்தா. இல்லை. அடுத்தநாள் மலர்ச்சாலைக்கு எதிரே ஒரு ஆட்டோ கொஞ்ச நேரம் நின்றதாம். ஆரும் இறங்கவில்லையாம். இதை ஆட்டோக்காரர் ஒருவர் பிறகு எனக்குச் சொன்னார்.

பெரியவரைக் கொண்டுபோய் எரித்தார்கள். அதற்கு அடுத்தநாள் அவ வேலைக்கு வந்தா. குடையைக் கொழுவி, இழுத்துப் பார்த்து, இருந்து, பிழைப் பதிவைத் திறந்தா. வாசித்து முடித்தபோது அவவின் முகம் எப்படி இருந்தது என்று நான் எழுதலாம். நான் அப்போது முன்பக்கம் நின்றேன். பார்க்கவில்லை.

ஒரு மணித்தியாலம் கழிய அந்த அம்மாவும், காரியத்துக்குக் கனடாவில் இருந்து வந்த மூத்த மகனும் கடைக்குள் வந்தார்கள். மகனுக்குத் தங்கையின் பேர் போடச் சொன்ன கதை இப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஆனால் அவருக்குக் கோபம் வேறு இடத்தில்.

"அங்கிள், அம்மா சொன்னதைச் செய்யாமல் செய்தனான் எண்டு ஏன் சொன்னனீங்கள்? தங்கச்சி இப்ப அம்மா பொய் சொன்னவ எண்டு நினைக்கிறாள். உங்களை நம்பித்தானே தந்தனாங்கள்."

அவ பின்பக்கக் கதவில் வந்து நின்றா.

நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்: "தம்பி, எங்கட பிள்ளை லீவில நிண்டவ. அவ பாக்கவேண்டிய வேலை. ஒரு கவனயீனம் நடந்திட்டுது. நான் மன்னிப்புக் கேக்கிறன்."

அவ என்னைப் பார்த்தா. உள்ளே போய் ஒரு தாளை அச்சடித்துக்கொண்டு வந்தா. எனக்குச் சொல்லாமல் அவ இன்னொரு வேலையும் செய்து வைத்திருக்கிறா. எழுத முடியாமல் போகிற எந்தத் திருத்தத்தையும் ஸ்கிரிப்ட் வேறு ஒரு மூலையில், நேரத்தோடு, எடுத்து வைத்துக்கொள்ளும். அந்த அம்மா சொல்லி நான் அடித்த வரிகள் அப்படியே அந்தத் தாளில் இருந்தன. மகளின் பேர், மருமகனின் பேர், பதினொன்று இருபது.

"அம்மா, நீங்க சொன்னது இங்க வந்து சேர்ந்திச்சு. எழுத ஏலாமப் போச்சு. இதை உங்க மகள்கிட்டக் காட்டுங்க."

அம்மா இரத்மலானைக்குப் போனா. மகள் தாளைப் பார்த்துவிட்டு, "இது இண்டைக்கு அடிச்சதாவும் இருக்கலாம்தானே அம்மா" என்றாளாம். அதில் என்ன பிழை. கொம்பியூட்டரில் அடித்த தாளில் எந்த நேரத்தையும் போடலாம்.

அம்மா திரும்பி வந்தா. "தம்பி, நீங்கள் ஒருக்கா வந்து அவளிட்டச் சொல்லுங்கோ, நான் வந்து பேர் தந்தது உண்மை, இன்னது நடந்து விடுபட்டது எண்டு." என்ன நடந்தது என்று சொல்லப்போனால் நான் செய்ததைச் சொல்லவேணும். "அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ அம்மா, அவவுக்குத்தான் விபரம் தெரியும்," என்றேன்.

அவ போனா. என்ன நடந்தது என்று அம்மாதான் பிறகு சொன்னா. அவ எல்லாவற்றையும் ஒழுங்காக விளங்கப்படுத்தினாவாம். போல்டர் ரூட்டின் பேரில் மாறியிருந்தது, அதனால் ஸ்கிரிப்ட் எழுதவில்லை, சிவப்பு வசனம் மாற்றப்பட்டிருந்தது, அதனால் யாருக்கும் தெரியவில்லை. மகள் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஆர் மாத்தினது?"

"ரூட் பாஸ்வேர்ட் ரெண்டு பேருகிட்ட இருக்கு. ஐயாகிட்டயும் என்கிட்டயும்."

"அப்ப நீங்களோ அவரோ?"

"நான் மாத்தல. ஐயா மாத்தினதை நான் பாக்கல. பாக்காததை நான் சொல்லமாட்டேன். மாத்தினவங்கதான் சொல்லணும்."

மகள் கதவைச் சாத்திவிட்டாளாம்.

இதைக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது, அதுவும் கன நாளுக்குப் பிறகு. அவ வாய் திறந்து "ஐயாதான்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மகள் நம்பியிருக்கக்கூடும். அவவுக்குத் தெரியாதா. பிழைப் பதிவில் நேரம் இருக்கிறது, அது அவ ஆஸ்பத்திரியில் நின்ற நேரம். ஆனால் கண்ணால் காணாத ஒன்றை எழுதப்பட்டது என்று சொல்ல அவவால் முடியவில்லை. எந்தக் குணத்துக்காக அவவை நான் வேலைக்கு எடுத்தேனோ அந்தக் குணத்துக்குப் பின்னால் நான் ஒளித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து என்னிடம் ஒன்றுதான் கேட்டா.

"ஐயா, நீங்க போய்ச் சொல்லப்போறீங்களா?"

"பாப்பம் பிள்ளை."

அந்தக் கிழமை முடிய வேலையை விட்டா. ரூட் பாஸ்வேர்டைப் புதிதாக மாற்றி, ஒரு தாளில் எழுதி என் கையில் தந்து, என் கண்முன் உள்ளே போகச் சொல்லி, போனதைப் பார்த்துவிட்டுத்தான் போனா. நீர்கொழும்பில் இருப்பதாக ஒருவர் சொன்னார், கட்டாரில் என்று இன்னொருவர். நான் பார்க்கவில்லை.

ஆறு வருசம் ஆகிறது. அந்த அம்மா இன்னும் இருக்கிறா, எண்பதுக்குக் கிட்ட. இப்போது ஒழுங்கையில் நடந்து வருவதில்லை. மகள் இன்னும் வரவில்லை. தாய் கடைசி வரைக்கும் தகப்பனுக்குப் பயந்து, தன்னிடமும் பொய் சொல்லிவிட்டா என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது. பொய் சொன்னது அம்மா இல்லை.

மலரின் வரைவை மகன் எனக்கு வாசித்துக் காட்டினான். தளத்தின் வரலாறு என்று ஒரு பகுதி. அதில் ஒரு வரி: "ஆரம்ப காலத்தில் ஊழியர் ஒருவரின் கவனயீனத்தால் ஒரு குடும்பத்துக்கு மனவருத்தம் ஏற்பட்டது, நிறுவுனர் நேரில் மன்னிப்புக் கோரினார்." நான் ஆறு வருசமாகச் சொல்லிவந்த கதை, அச்சில் ஏறப்போகிறது. "விடுங்கோ அப்பா, இப்ப ஏன் இதைக் கிளறுறீங்கள்" என்றான். அவனுக்கும், மலர்க்குழுவில் இருக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன். மேசை போட்டவன் நான், தொலைபேசி நிலையம் வைத்தவன் நான், தளத்தைக் கட்டினவன் நான் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மை, ஒன்றையும் வெட்டவேண்டாம். ஆனால் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு இதைப் போடுங்கோ. அந்த அம்மா கடைக்கு வந்து தன் வாயால் மகளின் பேரையும் மருமகனின் பேரையும் தந்தா. போல்டரை மாற்றினவன் நான். சிவப்பு வசனத்தை எடுத்தவன் நான். கேட்டபோது இன்னொரு ஆளைக் காட்டினவனும் நான். ஊழியர் என்ற சொல் அந்தப் பக்கத்தில் வரக்கூடாது. நிறுவுனர் என்றும் போடவேண்டாம், என் முழுப் பேரைப் போடுங்கோ. முதல் பிரதியை நானே இரத்மலானைக்குக் கொண்டுபோவேன். கதவு திறக்காவிட்டால் வாசலில் நின்று வாசிப்பேன். இது என்னுடைய பங்கு. வேறு ஒருவரின் பேரில் இது இருக்க நான் இனி விடமாட்டேன்.